பக்கம் பதினொன்று

ஹடர்ஸ்ஃபீல்டில் மழை விடாத ஒரு சனிக்கிழமை
காலிசெய்த வீட்டின் சாமான்களோடு
ஓர் ஆப்பிள் பெட்டி ஏலத்துக்கு வந்தது.
மேலே ஒரு திரைச்சீலை, ஒரு டோஸ்டர்.
அடியில்
விஞ்ஞானக் கதை ரசிகர்கள் தாமே அச்சடித்த
நாற்பத்தொரு இதழ்கள்.
எட்டுப் பவுண்டு என்றேன்.
எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

நாள் முழுக்கப் பொய்ப்பல் வார்க்கும் கை இது.
துருவேறிய பின்களை
ஈறு கிழியாமல் பிடுங்கத் தெரியும்.
பின் இருந்த இடத்தில் ஒவ்வொரு தாளிலும்
செவ்வாயின் நிறத்தில் இரண்டு புள்ளிகள்.

பிறகு, யாரும் கேட்காத மதிப்புரையை
நோட்டில் எழுதுவேன்:

‘நமுத்த வால்நட்சத்திரம்’, இதழ் ஏழு, 1956.
ஆசிரியர் நாரிஸ் அக்ராய்ட்.
விலை ஆறு பென்ஸ், அல்லது ஒரு நல்ல கடிதம்.
நிலை: ஈரம் பட்டது. அட்டையைப் பூனை மிதித்திருக்கிறது.
அச்சு: ரோனியோ. ‘ஓ’க்களின் வயிறு நிறைய மை.
தலையங்கம் மூன்று பக்கம்,
அதில் இரண்டரை மன்னிப்பு.
கவிதை: இருக்கிறது.
தொடர்கதை: ‘வெள்ளியில் நாலாம் ஷிஃப்ட்’.
இதைப் பற்றித்தான் பேசவேண்டும்.

பத்தாம் பக்கத்தின் கடைசி வரியில்
காப்டன் டோரீனின் முதுகுக்குப் பின்னால்
காற்றறைக் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறது.
பிராணவாயு நான்கு நிமிடத்துக்கு.
பன்னிரண்டாம் பக்கத்தின் முதல் வரியில்
அவள் தேநீருக்குச் சர்க்கரை கலக்கிக்கொண்டிருக்கிறாள்.
‘அதற்கப்புறம் எல்லாம் சுலபம்தான்’ என்கிறாள்.

பதினொன்று இல்லை.

ப்ரெஸ்டனிலிருந்து இரண்டாம் பிரதி வாங்கினேன்,
பதினான்கு பவுண்டு, தபால் தனி.
இல்லை.
மூன்றாவதை வைத்திருந்த கார்லைல்காரர்
தொலைபேசியிலேயே புரட்டி எண்ணினார்.
எட்டு. ஒன்பது. பத்து.
அவர் மூச்சு விடுவது கேட்டது.
பன்னிரண்டு.

ஏடு பதிப்பித்தவர்கள் குறிப்பெழுதுவார்கள்:
‘இவ்விடத்துச் சில அடிகள் சிதைந்தன.’
கறையான் தின்றதற்கு ஒரு கௌரவம் உண்டு.
இங்கே கறையானும் இல்லை.
இருந்தாலும் அப்படியே எழுதிவைத்தேன்.

பல் வேகும் உலைமுன் உட்கார்ந்து
அந்த நான்கு நிமிடத்தையும் நானே செலவழித்தேன்.
ஒருமுறை கொண்டையூசியால் அவளை மீட்டேன். மலிவாக இருந்தது.
ஒருமுறை பூட்டியவனே மனம் மாறித் திறந்தான். அதைவிட மலிவு.
ஒருமுறை மீட்கவே இல்லை.
தேநீர் கலக்குகிறவள் வேறொருத்தி,
அதே குரல், அதே பட்டை,
சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி கூட.
அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

இதழ் எட்டு ஹாலிஃபாக்ஸில் கிடைத்தது,
தேவாலயப் பழம்புத்தக மேசையில்,
பின்னல் வடிவங்களுக்கு நடுவே, இருபது பென்ஸ்.
பேருந்தில் நின்றபடி எழுத்தெண்ணிப் படித்தேன்.
நாரிஸ் எழுதுகிறார்:

‘பதினொன்றின் ஸ்டென்சில் கிழிந்துபோயிற்று.
மறுபடி தட்டச்சு செய்ய என் தங்கை ஹில்டா மறுத்துவிட்டாள்.
பக்கம் காணோம் என்று எழுதியவர் ஒரே ஒருவர்,
கிளெக்ஹீட்டன், மிஸஸ் எட்னா பிக்கிள்ஸ்.
மற்ற முப்பத்துநான்கு பேரும்
கதை விறுவிறுப்பு என்று எழுதியிருந்தீர்கள்.
நன்றி.’

என்ன நடந்தது என்று
அங்கேயும் சொல்லவில்லை, படுபாவி.

கடிதங்கள் மே பதினான்குக்குள் சேரவேண்டுமாம்.
அறுபத்தெட்டு வருடம் பிந்தி எழுதுகிறேன்:

அன்புள்ள மிஸஸ் பிக்கிள்ஸ்,
நானும் கவனித்தேன்.
கதவை யார் பூட்டினார்கள் என்று நீங்கள் நினைத்தீர்கள்?
எனக்கு ஹில்டாமேல் சந்தேகம்.
இப்படிக்கு, குமுதினி செல்லத்துரை, பர்க்பி.

தபால்தலை ஒட்டவில்லை.
நோட்டில் இதழ் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
மடித்து வைத்திருக்கிறேன்.

ஏலத்தில் ஒட்டிக்கொண்டு வந்த டோஸ்டர்
நன்றாகவே வேலை செய்கிறது.
ஒரு பக்கம்தான் இல்லை.