பத்து அம்பியர்

ஹட்டனில் அறுபத்தொன்று.
கினிகத்தேனை கிளினிக் வாசலில் இறங்கிப் பார்த்தால் அறுபது.
வட்டவளை வளைவுகளில் நான் மிதித்த பிரேக்கெல்லாம்
கரண்டாகித் திரும்பிவிடுகிறது.
சாயங்காலம் மலை அதை வட்டியோடு கேட்கிறது.
ரொசல்லை தாண்டியதும் ஹீட்டரை அணைத்துவிட்டுக்
கையுறை போட்டு ஓட்டுகிறேன்.
நேற்று வீட்டு ஏற்றத்தில் பதினொன்று.

இர்ஷாத் கடைக் கண்ணாடி மேசையில்
மூன்று சார்ஜர்கள், பூனைக்குட்டிகள் மாதிரி சுருண்டு.
எட்டு அம்பியர்: விடிய விடிய ஊட்டினாலும் அரைவயிறு.
முப்பத்திரண்டு:
"மூணு மணித்தியாலம் மிஸ், ஃபுல்."
அவர் சொன்னது பொய்யில்லை.
என் வீட்டு மெயின் சுவிட்சே முப்பதுதான் என்பதை
அவர் கேட்கவில்லை, நானும் உடனே சொல்லவில்லை.
வாங்க முடியாத அட்டியலைக்
கழுத்தில் வைத்துப் பார்க்கிறமாதிரி
கொஞ்ச நேரம் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

மற்றதில் ஒரு பொத்தான்.
அமுக்க அமுக்க ஆறு, எட்டு, பத்து, பதின்மூன்று.
பத்து மீட்டர் வயர், வாசல் கடந்து ரோட்டோரம் வரை எட்டும்.
மழையில் வைக்கலாமா என்றேன்.
"நனையலாம் மிஸ். குளிக்கக் கூடாது."
எங்கள் பக்கத்து மழைக்கு
அந்த வித்தியாசம் தெரியாது.

பெனடிக் வந்து ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றி முகர்ந்தார்.
"பதின்மூணுன்னுதான் எழுதியிருக்கு.
ராத்திரி முழுக்க பதின்மூணு இழுத்தா இது அப்பளம்.
பத்துல வைங்க. தனி வயர், தனி டிரிப்."
குசினியிலிருந்து என் நாத்தனார் வசந்தமலர்:
"காரு சாப்பிடுறப்ப என் கேத்தல் பட்டினியா?"
பத்தரைக்கு மேல்தான் என்று பேசித் தீர்த்தோம்.
அயர்ன் மட்டும் இன்னும் வழக்கில் இருக்கிறது.

முதல் ராத்திரி செருகியதும் சிவப்பு.
மூன்று சிமிட்டல், ஒரு நிறுத்தம், மூன்று சிமிட்டல்.
புத்தகம் முழுக்கச் சீனம்.
ஒரு படம் மட்டும் புரிந்தது:
ஒரு கோடு நேராக இறங்க, அதன் அடியில்
மூன்று கோடு, ஒன்றைவிட ஒன்று குட்டையாக.

"எர்த் இல்ல மிஸ்" என்றார் பெனடிக் போனில்.
"அந்தத் திட்டத்துல யாருக்குமே இல்ல.
கம்பி சுவருக்குள்ள போகுது, வெளியில வரல."
கேத்தலும் டிவியும் ஆறு வருசமாய்க் கேட்காததை
இந்தச் சின்னப் பெட்டி
நின்ற இடத்தில் நின்று கேட்கிறது,
மண் எங்கே என்று.

ஏழு பேர்ச்.
மண்சரிவுக்குப் பிறகு கிடைத்த வீடு.
சாவி தந்த அன்று படம் எடுத்தார்கள்.
காணி உறுதி பின்னால் வரும் என்றார்கள்.
ஃபைல் ஒரு வருசம் நுவரெலியாவில் இருந்தது,
மிச்ச வருசமெல்லாம் கொழும்பில் இருக்கிறது.

சனிக்கிழமை செப்புக் கம்பியும் சம்மட்டியும்.
முன்பக்கம் இரண்டடியில் கல்.
தண்ணி டாங்கி ஓரம் கல்.
மூன்றாவது இடம் லீக்ஸ் பாத்தி.
வசந்தமலர் ஒன்றும் சொல்லவில்லை,
குனிந்து நாலு வரிசையைப் பிடுங்கி வழிவிட்டாள்.
இறங்கியது.
அடிக்கு ஒரு விரல், சில அடிக்கு அதுவுமில்லை,
கடைசியில் ஒரு சாண் மட்டும் வெளியே.
பெனடிக் மீட்டரை வைத்து எண்ணைப் பார்த்தார்.
"நல்ல மண்ணு மிஸ். நல்ல ஈரம்."
யாருடைய மண் என்று
அந்த மீட்டரில் ஒரு முள்ளும் இல்லை.

அன்றிரவு பச்சை.
இரண்டு மணிக்கு எழுந்துபோய்ப் பிளக்கைத் தொட்டேன்,
தடுப்பூசி போட்ட பிள்ளையின் நெற்றியைத்
தாய்மாரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேனே, அப்படி.
இளஞ்சூடு. பயமில்லை.
வெளியே மழை காரின் முதுகில் பேசிக்கொண்டிருந்தது.

விடியும்போது எழுபத்தெட்டு.
பிடுங்கின லீக்ஸ், பென்சில் பருமன்கூட இல்லை,
மூன்று நாள் எங்கள் கறியில் வந்துகொண்டிருந்தது.