திரும்பும் வழியில் மட்டும்

போகும்போது பாடும்.
வரும்போது ஊமை.

திருமங்கலத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை
தக்காளி விலை, மழை நிலவரம், பழைய பாட்டு
ஒன்று விடாமல் சொல்லிவந்த ரேடியோ
திரும்புகையில்
‘நாளைக் காலை ஆறு மணிக்கு வைகை அணையிலிருந்து’
என்பதோடு வாயை மூடிக்கொள்ளும்.
விளக்கு எரியும்.
அலைவரிசை எண் பச்சையாய் நிற்கும்.
சத்தம் மட்டும் இருக்காது.
உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவேன்.
சில நாள் ஒரு சொல் உதிரும், ‘கன அடி’ என்பதுபோல.
சில நாள் அதுவும் இல்லை.

ஃபியூஸ் மாற்றினேன்.
ஆன்டெனாவின் துருவைத் துடைத்தேன்.
பசுமலை சிக்கந்தர் டேஷ்போர்டைக் கழற்றி
எர்த் வயரைச் சுரண்டி முடுக்கினார்.
நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று
விளாச்சேரி வரைக்கும் போய்வந்தார்.
பாடிக்கொண்டே போனது, பாடிக்கொண்டே வந்தது.
‘டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட மாதிரியில்ல இருக்கு, அக்கா’
என்றவர் காசு வாங்கவில்லை.
மறுநாள் செவ்வாய்.
பழங்காநத்தம் பாலத்தில் செத்தது.

செவ்வாய், வியாழன், சனி.
மூன்றாம் நம்பர் மெஷின்.
‘தவமணி, ஏறி நில்லுங்க’ என்பாள் நர்ஸ்.
போன எடை, வந்த எடை.
குடிக்க, நாளுக்கு அரை லிட்டர்; ரசமும் அதில் சேர்த்தி.
எனக்கு எதையும் எழுதிவைக்கும் வியாதி.
மளிகைக் கடை தந்த டைரியில்
இடது பக்கம் இவர் உடம்பிலிருந்து எடுத்த நீர்,
வலது பக்கம் ரேடியோ நின்ற இடம்:

3.1 பழங்காநத்தம்
2.2 திருநகர்
3.4 பழங்காநத்தம், பாலத்துக்கு முன்னாடியே
1.6 கப்பலூர் டோல்கேட்
2.3 திருநகர், இரண்டாவது ஸ்டாப்

ஐந்து வாரம் எழுதினேன், படிக்கவில்லை.
கரண்ட் போன ஒரு ராத்திரி
மருந்துக் கணக்கைக் கூட்ட எடுத்தபோது
இரண்டு பக்கமும் ஒரே கதை சொன்னது.

ரேடியோவுக்கு எப்படித் தெரியும்
இவரிடமிருந்து எத்தனை லிட்டர் எடுத்தார்களென்று?

நைட்டியோடு இறங்கிப் போய்
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
அவர் சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன்.
வேர்க்கடலைத் தோல்.
காணாமல் போன ரேஷன் கார்டு நகல்.
பின் ஸ்பீக்கருக்குப் போகும் வயர்
சீட்டு ஓடும் தண்டவாளத்தின் கடைசிப் பல்லில் நசுங்கி
செம்பு தெரிந்தது.

அது பாடியைத் தொட்டால்
பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள வாயடைத்துவிடுமாம்,
சிக்கந்தர் போனில் சொன்னார்.
ஆனால் சீட்டைக் கடைசிவரை தள்ளினால்தான் தொடும்.

போகும்போது பரீட்சைக்குப் போகிற பையன்போல
நிமிர்ந்தே வருகிறவர்
திரும்பும்போது எங்கோ ஓரிடத்தில்
கம்பியை இழுத்து, பின்னால் நகர்ந்து, காலை நீட்டுகிறார்.
நான் கண்ணாடியில் லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
எப்படி இருக்கு என்றால்
‘இருக்கு’ என்பார், அவ்வளவுதான்.
ரேடியோவிடம் சொல்லியிருக்கிறார்.
நான் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

இன்சுலேஷன் டேப் நான்கு சுற்று.
வயரை ஓரமாய் ஒதுக்கி, கார்ப்பெட்டை இழுத்து மூடி,
முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வந்து படுத்தேன்.

சனிக்கிழமை, 3.3.
பாலம் வருமுன்னே கம்பி ‘கிளுக்’கென்றது.
சத்தம் நிற்கவில்லை:
‘ஆயிரத்து ஐந்நூறு கன அடி வீதம் திறக்கப்படுவதால்
கரையோர மக்கள்’
மூடிய கண்ணுக்கு மேலே
அவர் நெற்றி சுருங்குவதை முதல்முறையாகப் பார்த்தேன்.
குமிழைத் திருகினேன், ஒன்றுவரைக்கும்.

கண்ணைத் திறக்காமல் கேட்டார்:
‘எவ்வளவு தண்ணி விடுறாங்களாம்?’