அடுப்பில் இருந்ததன் பெயர்

பிப்ரவரியோடு முயல் வேட்டை முடியும்.
பிறகு லா மாஞ்சாவின் சாலையோரங்களில்
விலா எண்ணக்கூடிய வேட்டை நாய்கள் நடக்கும்,
எங்கே போகிறோம் என்று தெரிந்தவை போல.

எனக்குப் பெட்ரோல் பங்கில் இரவு வேலை.
லாரிக்காரர்கள் சொல்வார்கள்:
"எர்மினியா, எண்பத்து நாலாம் கிலோமீட்டர்ல ஒண்ணு நிக்குது."
காப்பிக் காசோடு தகவலையும்
மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

இவளை மூன்று இரவு தேடினேன்.
பாழான திராட்சைத் தோட்டம், மோட்டார் அறை,
சுவரோடு சுவராக ஒரு சாம்பல் நிறம்.
கழுத்தின் இடப்பக்கம் ஒரு குழி.
சிப்பைப் பேனாக்கத்தியால் தோண்டி எடுத்திருந்தார்கள்;
யாருடையவள் என்பது அதோடு போயிற்று.
டாக்டர் பாஸ்குவாலா தைக்கும்போது பேசவேயில்லை.
ஏழு தையல்.
பில்லில் ஐந்து என்று எழுதினாள்.

நாய்களுக்கு நான் பெயர் யோசிப்பதில்லை.
வந்த அன்று அடுப்பில் என்ன இருந்ததோ அதுதான்.
கொண்டைக்கடலை ஜெர்மனிக்குப் போய்விட்டான்.
பூண்டு சூப், தொலேதோவில்
காது கேளாத தச்சன் ஒருவனுக்குக் காதாக இருக்கிறான்.
கத்தரிக்காய் என் மடியிலேயே செத்தான்.
இவள் பருப்பு.
அதுவும் அன்று அடிப்பிடித்தது.

துடைப்பத்தைக் கண்டால் மூத்திரம் விட்டாள்.
துடைப்பத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.
பெல்ட் கழற்றும் ஓசை ஆகாது.
என் தம்பி சத்தூர்னினோ, நாற்பத்தொன்பது வயதில்,
எலாஸ்டிக் கால்சட்டைக்கு மாறினான்.
படி ஏறத் தெரியாது.
கண்ணாடி தெரியாது:
தன் பிம்பத்துக்கு
வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

குளியலறைத் தரையில் நானும் உட்கார்ந்து
கரண்ட் பில்லைச் சத்தமாக வாசிப்பேன்.
அவளுக்குக் குரல் போதும், பொருள் வேண்டாம்.
பன்னிரண்டாம் நாள்
'நிலுவைத் தொகை' என்ற இடத்தில்
என் முழங்கால்மேல் தாடையை வைத்தாள்.
அசையாமல் அந்தப் பில்லையே
திரும்பத் திரும்ப வாசித்தேன்.
கட்ட மறந்தேன்.
வெள்ளிக்கிழமை கரண்ட்டை வெட்டிவிட்டார்கள்.

"நீயே வச்சுக்கயேன்" என்பார்கள்.
ஒரு சோபா, ஒரு குளியலறை, ஒரு சம்பளம்.
இவளை வைத்துக்கொண்டால்
எண்பத்து நாலாம் கிலோமீட்டரில் நிற்பது
நின்றுகொண்டே இருக்கும்.
கணக்கு சரிதான்.
கணக்கு சரியாக இருப்பதுதான் கஷ்டம்.

ஜூனில் வேன் வந்தது.
பெல்ஜியத்தில் கால்வாய்க்கரை வீடு, லீவன், ரோசலைன்.
என் நாற்பது கேள்விக்கும் பதில் எழுதியிருந்தார்கள்,
வேலியின் உயரத்தை
அளவு நாடாவோடு படமெடுத்து அனுப்பியிருந்தார்கள்.
குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

துவைக்காத என் சட்டை ஒன்றைக் கூண்டில் போட்டேன்.
ஏற மாட்டாள், என் பின்னால் ஒளிவாள்,
நான் சமாதானம் சொல்லவேண்டியிருக்கும் என்று
வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன்.
ஏறிவிட்டாள்.
மூன்று படி, முன்கால், பின்கால்,
நான் சொல்லிக்கொடுத்தபடியே.

அக்டோபரில் வீடியோ அழைப்பு.
இப்போது அவள் பெயர் ஒட்டிலி.
நான்கு கால்களும் மேலே, நாக்கு ஒருபக்கம்,
சோபாவில் வேறு யாருக்கும் இடமில்லை.
அவளுக்குப் பின்னால் ரோசலைன்
துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தாள்.
சரக், சரக் என்று கேட்டது.
இவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பேசுங்க, உங்க குரல் கேட்டா சந்தோஷப்படுவா"
என்றான் லீவன், உடைந்த ஸ்பானிஷில்.
நான் மைக்கை அணைத்து வைத்திருந்தேன்.
ஒரு காது திரும்பிவிட்டால்?
எழுந்து, வீடு முழுக்க
என்னைத் தேடிவிட்டு வந்தால்?
உதட்டை மட்டும் அசைத்தேன்.
லைன் சரியில்லை என்று கையைக் காட்டினேன்.

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.
வாணலியில் முட்டைக்கோஸ்.
குளியலறைக் கதவுக்குப் பின்னால்
முட்டைக்கோஸ் இருமினான்.