எட்டாவது கல்

வழி போட்டது புவனேந்திரன்தான்.
பாடாங் செராய் டயர் கடையில், இரவு எட்டுக்குப் பிறகு,
லாரி ரசீதின் பின்பக்கம், கிரீஸ் விரலோடு:
சுரபாயாவில் இறங்கு. டாக்சிக்காரன் சொல்வதைக் கேட்காதே.
பஸ் பிடித்துப் புரோபோலிங்கோ. அங்கிருந்து வேன்,
பதினைந்து பேர் சேரும்வரை கிளம்பாது, பொறு.
பிறகு மலை விளிம்பிலிருந்து கீழே.
ஜீப் வேண்டாம், குதிரை வேண்டாம், கால் இருக்கிறது.
கறுப்பு மணல். மரம் கிடையாது.
வெள்ளைக் கற்களை எண்ணிக்கொண்டே போ,
எட்டாவது கல்லில் வலது.

நான், யோகவல்லி, ஆ கியோங்
ஆறு மாதம் சீட்டுக் கட்டினோம்,
கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், ஓவர்டைம்.
அவனும் கட்டினான்.
"என் பங்குல நல்ல டார்ச்சா வாங்கிக்குங்க."

பயிற்சி கொடுத்ததும் அவன்தான்.
மறுநடவுக்காகச் செம்பனையைச் சாய்த்திருந்த
மூன்றாவது டிவிசன்.
கண்ணுக்கெட்டியவரை ஒரு கைக்குட்டை நிழல் இல்லை.
சாய்ந்த தண்டுகள் புளித்து நாறின.
முதுகில் ஆளுக்குப் பத்துக் கிலோ அரிசி,
கணுக்கால்வரை செம்மண்,
முன்னால் புவனேந்திரன், ஜப்பான் சிலிப்பரில்,
திரும்பிப் பார்க்காமல்.
"இவன் வராம நாம எப்படிடா?" என்றான் ஆ கியோங்.
அரிசியை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தோம்.

லயத்தில் பிறந்தவன். பிறந்ததை யாரும் பதியவில்லை.
வயது இருபத்தொன்பது.
அலோர் ஸ்டாருக்கு நடந்து வாங்கிய கடிதங்கள் பதினொன்று,
பதினொன்றிலும் ஒரே சொல்: பரிசீலனையில்.
கடப்பிதழ் கிடக்கட்டும், அடையாள அட்டையே இல்லை.
சாலையில் போலீஸ் தடுப்பு இருந்தால்
அவன் உலகம் லூனாஸோடு முடிந்துவிடும்.

நான்காம் நாள் விடிகாலை மணலில் இறங்கினோம்.
மூடுபனி.
ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு…
அப்புறம் கல்லே இல்லை.
எரிமலை எங்கோ பசியோடு உறுமியது.
குதிரைச் சாணத்தைப் பார்த்துப் போகலாம் என்றால்
அது நாலா பக்கமும் கிடந்தது.
யோகவல்லி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள், ஒரே ஒரு கோடு.
அங்கே ஐந்து, இங்கே ஆறு,
கடையின் இரும்புக் கதவு ஏறும் சத்தம் கேட்டது.
"காத்து எந்தக் கன்னத்துல அடிக்குது?"
இடது.
"அதை அங்கேயே வச்சுக்கிட்டு நட. கல்லு தானா வரும்."
அவனுக்குப் பின்னால் ஒரு லாரி
பீப் பீப் என்று பின்வாங்கிக்கொண்டிருந்தது.
கோடு போய்விட்டது.
கன்னத்தைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம்,
மூன்று பேரும், கோணலாக,
தலையில் பானை வைத்தவர்கள் மாதிரி.

எட்டாவது கல் ஆ கியோங்கின் முட்டியில் இடித்தது.
இவ்வளவு சந்தோஷமாக
யாரும் கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

பள்ளியில் ஐந்து நிலம் ஒப்பித்தபோது
பாலைக்கு நேரே பிரிவு என்று எழுதி
முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
போனவன் பிரிந்தவனா, வழி சொன்னவன் பிரிந்தவனா,
கேள்வித்தாளில் அது இல்லை.

திரும்பி வந்த அன்று
படம் காட்டப் போனேன். அப்புறம் பார்க்கலாம் என்றான்.
ரசீதை வாங்கி, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே
ஒரு கேள்விக்குறி போட்டான்.
காலணியைக் கழற்றித் தட்டப்போனேன்.
"தட்டாதே."
அதை வாங்கி, வெறுங்காலில் மாட்டி,
மூன்றாவது டிவிசன் கேட் வரை போய்
லேசாக நொண்டிக்கொண்டு திரும்பினான்.
சுங்கத்தில் என் பையைக் கொட்டிப் பார்த்தவர்கள்
அந்த மணலை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
"கட்டைவிரல்கிட்ட குத்துது. அங்கயும் இப்படியா?"
ஆமாம் என்றேன்.
"அப்ப சரி."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
அதே காலணியோடு
ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனான்.