பதின்மூன்றாம் வேற்றுமை

கடிதம் இரண்டு மொழியில் வந்தது.
என் மொழியில், ரஷ்யனில்,
ஆளை வேலையிலிருந்து எடுப்பதற்குச்
‘சுருக்குதல்’ என்று பெயர்.
எஸ்தோனிய மொழியில் அதே காரியத்துக்குத்
‘திரட்டுதல்’.
சிதறிக் கிடந்தவர்களைக் கூட்டி
ஓரிடத்தில் சேர்ப்பது போல.
இருபத்திரண்டு வருடம்
எட்டாம் எண் கொதிகலனுக்குக் கண் விழித்தவளை
ஒரே தாளில் சுருக்கினார்கள், திரட்டினார்கள்.
இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

நார்வாவில் நவம்பர் மாதம்
மூன்றரைக்கே இருட்டத் தொடங்கும்.
ஷிப்டில் இருந்தவரை
எனக்கு அது தெரியாது.

ஆர்க்காதி தினமும் ஃபோன் செய்தான்.
“கிடைத்ததா?”
“இல்லை. உனக்கு?”
“ம்ஹும்.”
இவ்வளவுதான். இதை அரை மணி நேரம் பேசுவோம்.
அவன் கேஸ் அடுப்பைக் கழற்றி மாட்டி
மறுபடி கழற்றினான்.
நான் வீட்டுத் திரைகளை எல்லாம் துவைத்தேன்.
அவை சுருங்கவில்லை.

பதினோரு விண்ணப்பம்.
ஒன்பதுக்குப் பதிலே இல்லை.
ஒன்று, ஆர்வத்துக்கு நன்றி என்றது.
இன்னொன்றில் ஒரு கேள்வி:
உங்கள் பலவீனம் ஒன்றை விளக்குக.
இரைச்சல் இல்லாத அறையில்
எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை
என்று எழுதினேன்.
அதற்கும் பதில் இல்லை.

வேலை வேண்டுமென்றால் மொழி வேண்டும்.
ஐம்பத்து மூன்று வயதில்
முழங்கால் இடிக்கும் மேசையில் போய் உட்கார்ந்தேன்.
பெயர்ச்சொல்லுக்குப் பதினான்கு வேற்றுமை.
உள்ளே, உள்ளிருந்து, உள்நோக்கி,
மேலே, மேலிருந்து, மேல்நோக்கி.
ஒரு பெட்டியை வைத்து எடுக்க
இத்தனை கதவா?

வினைச்சொல்லுக்கு எதிர்காலம் கிடையாது.
ஆசிரியை மால்லே, என் மகளைவிட இளையவள்,
பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
“நாளை வேலைக்குப் போகிறேன், அது போதும்.
போவேன் என்று தனியாக ஒன்று இல்லை.”
பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
சாம்பல் மலைப் பக்கமிருந்து வந்த பதினைந்து பேர் நாங்கள்.
எங்களுக்கு அது
இலக்கணமாகப் படவில்லை.

பதின்மூன்றாம் வேற்றுமை: இல்லாமல்.
பயிற்சி கொடுத்தாள்.
வேலையில்லாமல். பணமில்லாமல். குடையில்லாமல்.
அந்த ஒரு பக்கத்தில் மட்டும்
எனக்குத் தப்பே வரவில்லை.
சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டாள்.

மார்ச்சில், பள்ளிக்கூடச் சமையலறை.
மாவு படிந்த நாற்காலியில் உர்வே.
“பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?”
நானா விட்டேன்?
தேடி எடுத்த ஒரே சொல்: “திரட்டினார்கள்.”
உர்வே பேனாவை மூடினாள்.
“என்னையும்தான். மீன் டப்பா ஆலை.
ஆயிற்று, பதினாறு வருஷம்.”
இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.
வெளியே ஒரு சைக்கிள் நின்றது.
“அறுபது லிட்டர் பானை. தூக்குவீர்களா?”
“தனியாக முடியாது.”
“நல்லது. தனியாகத் தூக்கியவளுக்கு
இடுப்புப் போய்விட்டது.
அவள் இடம்தான் இது.”

சம்பளம் பழையதில் பாதிக்குச் சற்று மேல்.
ஆர்க்காதியிடம் மூன்று நாள் சொல்லவில்லை.
நாலாம் நாள்
“கிடைத்ததா?” என்றான்.
“நாளை போகிறேன்” என்றேன்.
கம்பியில் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு, “என்ன சூப்?” என்றான்.
“பட்டாணி.”
“அடி பிடிக்கும். பார்த்துக் கிளறு.”

காலை ஆறு மணி. முகத்தில் ஆவி.
கோட்டுப் பையில் பழைய ஆலை அட்டை
இன்னும் கிடக்கிறது; எறியத் தோன்றவில்லை.
பதினொன்றரைக்கு மணி அடித்தது.
முன்பல் விழுந்த ஒரு பையன்
தட்டை நீட்டி என்னவோ சொன்னான்.
திரும்பக் கேட்க வாயெடுக்கும் முன்
புரிந்துவிட்டது.
வெங்காயமில்லாமல்.

பின்னால் வரிசை வளர்ந்தது.
உர்வே என்னைப் பார்த்தாள்.
நான் கரண்டி முனையால்
ஒவ்வொரு துண்டாக
எடுத்துக்கொண்டிருந்தேன்.