பதினேழாம் எண்

இரவு ஒன்பது பத்துக்குத் தாமுவேயில் மின்சாரம் வந்தது.
ஒன்பதே காலுக்கு நான் நேரலையில்.
ஈரத்தலை. துவட்ட நேரமில்லை.
"எந்த ஊர்லேர்ந்து பாக்கறீங்க, சொல்லுங்க"
என்று பர்மியத்தில் கேட்பவள் நீலா வின்.
அடையாள அட்டையில் அவள்தான் இருக்கிறாள்.
கேட்டுக்கொண்டே மேசைக்கடியில் விரல் மடக்கி
பதினெட்டாயிரம் சாட், வண்டிக்கூலி போக,
பை போக, பசைநாடா போக
என்று தமிழில் கணக்குப் போடுகிறவள் பொற்கொடி.
இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை.
பதினோரு மணிக்குக் கட்டிக்கொள்ளும்.

முதலில் லைங்தாயாவில் ஒரு கிடங்கு.
யாருடைய கடைக்கோ முகவரிச் சீட்டு ஒட்டினேன்,
நாளைக்கு நானூறு.
பள்ளிக்கூடத்து வரைபடத்தில் இல்லாத பர்மா
அந்தச் சீட்டுகளில் இருந்தது.
மொகோக்கில் கல் விற்றவர்கள் எந்தக் கிழமை செருப்பு வாங்குவார்கள்,
மாதக் கடைசியில் மாண்டலே ஏன் கைகட்டி நிற்கும்,
"பாலத்துக்கு இந்தப் பக்கம், நாய் கட்டியிருக்கும் வீடு"
என்பதும் ஒரு முகவரிதான்.

திரும்பி வரும் பார்சல்களுக்கு ஒரு மூலை.
நாற்றமும் எலியும்; யாரும் போக மாட்டார்கள்.
மதியச் சோற்றை அங்கே வைத்துத்தான் தின்பேன்.
ஒவ்வொன்றின் மேலும் காரணம் எழுதியிருக்கும்.
அளவு பத்தவில்லை.
வீட்டுக்காரர் ஒப்பவில்லை.
ஆள் ஊரில் இல்லை.
காசு இல்லை என்று மட்டும்
ஒருவரும் எழுதியதில்லை.
நான் படித்த படிப்பு அது.
சான்றிதழ் கிடையாது.

சேர்த்த பணத்தில் ஐம்பது தமேன்,
ஒரு வட்ட விளக்கு, யாரோ கழித்த பேட்டரி.
முதல் இரவில் பார்த்தவர்கள் ஏழு பேர்.
அதில் ஒருத்தி நான், இன்னொரு போனில்.
எட்டாம் மாதம் ஆயிரத்து இருநூறு.
திரையின் கீழே எண்களாகப் பொழியும்:
ஆறு யூமே. முப்பது யூமே.
எடுத்துக்கொள்கிறேன், எடுத்துக்கொள்கிறேன்.

பதினேழாம் எண் மட்டும் நிலைக்கவில்லை.
பசீனுக்குப் போய் வந்தது.
பெகுவுக்குப் போய் வந்தது.
மோல்மேனில் பிரித்துக்கூடப் பார்த்துவிட்டுத் தந்தார்கள்.
மூன்று கையெழுத்து, ஒரே வரி:
நான் பார்த்த நீலம் இது இல்லை.
"அக்கா, நம்மளவிட இது நிறைய ஊர் சுத்தியிருக்கு"
என்றான் சூசைராஜ், வண்டியை அணைக்காமலே.
கண்ணைக் கழுவிக்கொண்டு பார்க்கட்டும் என்றேன்.

அன்றைக்குப் பாதியில் மின்சாரம் போனது.
பேட்டரிக்கு மாறிய வெளிச்சத்தில் விற்று முடித்து
என் பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன்.
விளக்கு பொய் சொல்லியிருக்கிறது.
நான் அதற்கு வாய் கொடுத்திருக்கிறேன்.

காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில்
துணியை வெயிலில் பிடித்தேன்.
மயில்கழுத்து என்று தமிழ் உடனே சொல்லிவிட்டது.
பர்மியத்தில் சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.
இங்கே மயிலைக் கொடியில் பார்த்தவர்கள் அதிகம்,
கழுத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம்.
அன்று இரவு இப்படிச் சொன்னேன்:
"ரசீதுப் புத்தகத்துக்குள்ளே கார்பன் தாள் இருக்குமே,
அதைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பச்சை ஓடுமே,
அந்த நீலம்.
மூன்று முறை திரும்பி வந்தது.
கரையில் ஒரு நூல் விட்டிருக்கிறது, இதோ."

திரை நின்றது.
இணையம் போய்விட்டதோ என்று ஈரக்கையால் போனைத் தட்டினேன்.
பிறகு ஒரே ஒரு வரி,
முதலில் திருப்பி அனுப்பிய பசீன்காரி:
பதினேழு யூமே.
கூடவே, "எங்கள் கடையிலும் கார்பன் தாள்தான்."

செவ்வாய்க்கிழமை அனுப்பினேன்.
இன்று வெள்ளி.
சூசை இன்னும் பணம் கொண்டுவரவில்லை.
பார்சலும் வரவில்லை.
ஒன்பது பத்து ஆகிறது, தலை துவட்டிவிட்டேன்,
விசிறி சுற்றத் தொடங்குகிறது.
பதினெட்டாம் எண், அரக்கு.
இல்லை, பொறுங்கள்,
அரக்கு என்றால் எந்த அரக்கு?