கைமாற்று

கிரேசுனில் இருபத்தாறு வருஷம் மினிபஸ் ஓட்டினேன்.
இடது கை ஸ்டீயரிங்கில்.
வலது கை கியருக்கும் சில்லறைக்கும்.
கடைசி சீட்டுக்காரர் நீட்டும் நாணயம்
ஆறேழு கை மாறி என் தோளுக்கு வரும்,
மீதி அதே வழியில் திரும்பிப் போகும்.
நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.
விளிம்பைத் தடவினாலே விரல் சொல்லிவிடும்,
ஒரு லிராவா, ஐம்பது குருஷா என்று.

மார்ச்சில், கடலோரத் திருப்பத்தில்,
கியர் மாற்ற நினைத்தேன். கை போகவில்லை.
வண்டியில் பன்னிரண்டு பேர்.
இடது காலால் பிரேக்கை மிதித்தது மட்டும் ஞாபகம்.
அதற்கப்புறம் அது என் மடியில் கிடந்தது,
யாரோ சீட்டில் விட்டுப்போன குடை மாதிரி.

பெர்ரின் என் மகளைவிடச் சின்னவள்.
முன்கையில் இரண்டு பட்டைகளை ஒட்டி
மின்சாரம் விட்டாள்.
வகுப்பில் தூங்கி மாட்டிக்கொண்டவன்போல
மணிக்கட்டு விருட்டென்று எழுந்தது.
"நீங்களும் சேர்ந்து தூக்குங்கள், ரிஃப்கி பே.
கரண்டே எல்லாம் செய்தால்
சம்பளத்தையும் அதுதான் வாங்கும்."

பிறகு கண்ணாடி.
மேசை நடுவே அதை நிறுத்தி,
வலதைப் பின்னால் ஒளித்து,
இடதை முன்னால் விரித்து மூடச் சொன்னாள்.
உள்ளே என் வலது கை விரிந்தது, மூடியது,
நோயே காணாததுபோல.
இடதிடம் கைமாற்றாக வாங்கிய உருவம்.
பொய்யென்று தெரியும்.
தெரிந்தே தினமும் அரைமணி நேரம்
வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வாரம், கண்ணாடிக்குப் பின்னால்,
கட்டைவிரல் அசைந்தது.
பெர்ரின் துள்ளவில்லை.
நோட்டில் தேதி எழுதினாள்.

விரல்கள் கொஞ்சம் நிமிரத் தொடங்கியதும்
நல்ல கைக்குத் தண்டனை.
ஹாஜெரின் அடுப்படி உறைக்குள் அதைப் போட்டுக் கட்டி,
விழித்திருக்கும் வரை சும்மா கிட என்று உத்தரவு.
வலது மட்டும் உழைக்கும்:
ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு ஹேசல்நட்.
எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்!
முதல் நாள் கிண்ணத்தில் நான்கு,
சோபாவுக்கு அடியில் முப்பது.

ஒருநாள் இரவு, ஹாஜெர் தூங்கியதும்,
உறையைக் கழற்றி
சட்டைப் பித்தான்களை ஒரே மூச்சில் போட்டேன்.
ஏனோ அழுகை வந்தது.
எல்லாவற்றையும் அவிழ்த்து
மறுபடி வலதிடம் கொடுத்தேன்.
விடிந்தபோது ஒன்று பாக்கி.

வியாழக்கிழமை பெர்ரின்
சிகிச்சை அறையையே பஸ் ஆக்கினாள்.
முன்னால் ஒரு நாற்காலி, எனக்கு.
பின்னால் மூன்று வரிசை:
தன் இடப்பக்கத்தையே மறந்துபோன ஓமெர் மாஸ்டர்,
கைத்தடியோடு வந்த வங்கிக்காரர்,
கடைசியில் முனிரே அம்மா.
நோய் வந்த நாளிலிருந்து அவளுக்குப் பேச்சில்லை,
"ம்" மட்டும்.

அவள் நீட்டிய இருபது லிரா
மூன்று கோணல் கைகள் மாறி, இரண்டு முறை கீழே விழுந்து,
என் தோளைத் தொட்டது.
திரும்பாமல் வாங்கினேன். தாள்.
விரலுக்கு அது தெரிந்தது.
வாங்கிய பெருமையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், கரகரவென்று:
"மீதி."

யாரும் மூச்சுவிடவில்லை.
முனிரே அம்மாவும் தன் வாயைத்
தானே தொட்டுப் பார்த்தாள் என்றார்கள்.

டப்பாவில் நாணயங்கள்.
ஒன்றைக் கிள்ளினேன், நழுவியது.
இன்னொன்று, விளிம்பு வரை வந்து, நழுவியது.
பெர்ரின் உதவ எழுந்தாள், பிறகு உட்கார்ந்தாள்.
உறைக்குள் இடது கை
ஜன்னலை முட்டும் ஈபோலத் துடித்தது.
பதினோரு நிமிஷம்.
பஸ்ஸிலிருந்து யாரும் இறங்கவில்லை.